ஸ்தோத்திரத்துக்கு இரண்டு சாட்சி

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே ஒரு வலது கையைத் தவிர மற்றபடி எல்லாரும் நலம். உன் நலமும் மருமகள் நலமும் பேத்தியின் நலமும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நீ நலமாகத்தான் இருப்பாய் என்று எனக்குத் தெரியும், நன்றாகத் தூங்கி எழுந்த குரலில்தானே பேசியிருந்தாய், அதைப் பிறகு சொல்கிறேன். பேத்திக்கு இருமல் விட்டதா? ராத்திரியில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினால் இருமல் எப்படி விடும் என்று மருமகளிடம் நான் கேட்டதாகச் சொல், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அப்பா எப்போதும்போல இருக்கிறார். உலகமே தலைகீழாகப் போனாலும் "விடு, விடு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்புகிற மனிதர், அவருக்கு என்ன குறை. போனில் பேசலாம் என்றுதான் பார்த்தேன். நான் நாலு வார்த்தை காரமாகப் பேசினால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்தே படி.

என் தங்கைக்கு, அதாவது உன் சித்திக்கு, நடந்தது உன் காதுக்கு எட்டியிருக்கும். யார் வாயிலிருந்து எட்டியது என்பதைப் பொறுத்து விஷயம் மாறும், அதனால் நான் முதலிலிருந்து சொல்கிறேன். நம் சபை நடத்துகிற சலவைக்கூடத்தை நீ மறந்திருக்க மாட்டாய், வெளிநாடு போகிறவரை அங்கேதானே மிஷின் ரிப்பேர் பார்த்தாய். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற பெரிய உருளை மிஷினும் உனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு உருளைகள் கொதிக்கக் கொதிக்கச் சுற்றும், ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து மொடமொடவென்று வரும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்க வேண்டும், கை அதில் பட்டாலே மிஷின் நின்றுவிடும். அந்தக் கம்பி அங்கே இல்லை. சித்தி விரிப்பில் விழுந்த சுருக்கத்தை இழுத்து விடப்போய், விரிப்போடு கையும் உள்ளே போய்விட்டது. பக்கத்து அறையில் துவைக்கிற மிஷின்கள் போடுகிற இரைச்சலில் அவள் கத்தியது ஒருத்தர் காதிலும் விழவில்லை. அவளே இடது கையால் எட்டிச் சுவிட்சை அணைத்திருக்கிறாள். விரல்கள் மூன்று போய்விட்டன, உள்ளங்கை வெந்துவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று டாக்டர் பெருமையாகச் சொன்னார். நானும் நன்றி சொன்னேன், வேறு என்ன சொல்வது.

இனி அங்கே சூப்பர்வைசராகவும் சபையில் மூப்பராகவும் இருக்கிற மகானுக்கு வருவோம். வாயைத் திறந்தால் முதல் வார்த்தை ஸ்தோத்திரம், மூடுவதற்கு முன் கடைசி வார்த்தை ஸ்தோத்திரம், அதனால் சலவைக்கூடத்துப் பெண்கள் வைத்த ஸ்தோத்திரம் என்ற பேரே அவருக்கு நிலைத்துவிட்டது. நம் ஸ்தோத்திரம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழக்கூடையோடு வந்தார், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் எழுந்து உட்காருகிற அளவுக்குச் சத்தமாக ஜெபம் பண்ணினார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது, அந்த வித்தை எல்லாருக்கும் வராது. அவர் இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் அங்கே மிஷினில் புதுக் கம்பி ஏறிக்கொண்டிருந்தது. மறுநாள் அங்கே போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள், புது ஆணி, புதுப் பெயின்ட், கையில் ஒட்டுகிறதாம். அடுத்து என்ன பேச்சு கிளம்பியது தெரியுமா? கம்பி எப்போதும் இருந்ததுதானாம், வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும் என்று அன்று காலையில் உன் சித்தியே அதைக் கழற்றிப் போட்டுவிட்டாளாம். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவள். அப்படி அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை மட்டும் போகும், சபை மன்னித்துவிடும். போடவில்லை என்றால் மூப்பர்மேல் பொய்க்குற்றம் சாட்டியவள் என்று சொல்லி சபையை விட்டே நீக்குவார்கள். புருஷனும் பிள்ளையும் இல்லாதவளுக்கு அந்தச் சலவைக்கூடத்தையும் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் விட்டால் வேறு என்ன இருக்கிறது?

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில், பாடகர் குழுவின் அங்கிகள் தொங்குகிற இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். தலைமை யார் என்கிறாய், நம் பல் டாக்டர். பல்லைப் பிடுங்குகிறவருக்கு உண்மையைப் பிடுங்கவும் வரும் என்று நினைத்திருப்பார்கள். போதகர் பக்கத்தில் உட்கார்ந்து, யார் பேசினாலும் அவருக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் அக்கா என்ற உரிமையில் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன், வெளியே போகச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. கம்பி வருஷக்கணக்காக இல்லை என்று சித்தி சொன்னாள். அப்படியானால் கழற்றியது யார் என்று பல் டாக்டர் கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டும் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லார் முன்னாலும் அவளை ஓர் அறை விடலாம் போலிருந்தது.

எந்தக் காரியமும் இரண்டு சாட்சிகளின் வாயினால் நிலைவரப்பட வேண்டும் என்று வேதம் சொல்கிறது, உங்கள் பக்கம் சாட்சி நீங்கள் ஒருத்தர்தான் என்றார் பல் டாக்டர். சரி, ஸ்தோத்திரத்தின் பக்கம் மட்டும் எத்தனை பேர் என்று நான் கேட்டேன். அதற்கு அந்த மனிதர் எழுந்து நின்று, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை. "ஸ்தோத்திரம். எனக்கு நான் ஒரு சாட்சி. என் பிதா இன்னொரு சாட்சி. நாலாம் சுவிசேஷம் எட்டாம் அதிகாரத்துலயே இருக்கு, எடுத்துப் பாருங்க." யாராவது சிரிப்பார்கள் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் நிஜமாகவே விரலை மடக்கி எண்ணினார், அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் இரண்டு என்றார். முப்பத்திரண்டு வரை எண்ணிப் பழகியவருக்கு இரண்டு வரை எண்ணுவது கஷ்டமா என்ன. பிதா எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டேன். தேவதூஷணம் பேசாதீர்கள் என்று போதகர் சொன்னார். அன்றைக்கு அவர் தலையாட்டாமல் பேசியது அது ஒன்றுதான். எந்தச் சபையில் வேண்டுமானாலும் சண்டை வரும், ஆனால் கடவுளைக் கூட்டிக்கொண்டு வந்து ஆள் கணக்கில் சேர்க்கிற கூத்து நம் ஆட்களைத் தவிர யாருக்கும் தோன்றாது.

நான் விடவில்லை. நீ இங்கே வேலை பார்த்த காலத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாய், நினைவிருக்கிறதா? துணி கொஞ்சம் திரண்டாலும் கம்பியில் பட்டு மிஷின் நின்றுவிடுகிறது, வேலை ஓடவில்லை என்று ஸ்தோத்திரம் கம்பியையே எடுத்துவிடச் சொன்னார், இப்போது மிஷின் நிற்காமல் ஓடுகிறது என்றாய். அதை அங்கே சொன்னேன். நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று பல் டாக்டர் கேட்டார். நான் என்ன சொல்வேன்? கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர்கள் சொன்னதையெல்லாம் டைப் அடித்தே தலை நரைத்தவள் நான். "பார்க்கவில்லை, சொல்லக் கேட்டதுதான்" என்ற வரியை எத்தனை பேருக்காக அடித்திருப்பேன். அந்த வரி வந்தால் வக்கீல் அதோடு உட்கார்ந்துவிடுவார், அந்தச் சாட்சியில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அதே வரியை என் வாயாலேயே சொன்னேன். அப்படியானால் உங்கள் மகனையே கேட்டுவிடுவோம் என்று போதகர் உனக்குச் செய்தி அனுப்புவதாக முடிவாயிற்று. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. என் பிள்ளை இருக்கிறான், இந்தக் கூட்டத்துக்குச் சரியான பதில் கிடைக்கும் என்று சித்தியின் தோளைத் தட்டிக் கூட்டிக்கொண்டு வந்தேன். முட்டாள்தனத்துக்கு நானும் குறைந்தவள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த வசனத்தை எடுத்தேன். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த வசனம்தான், ஆனால் காதில் விழுவது வேறு, படிப்பது வேறு. எட்டாம் அதிகாரத்தில் ஸ்தோத்திரம் சொன்னது இருக்கத்தான் இருக்கிறது. என்னைப் பற்றி நானே சாட்சி சொன்னாலும் அது உண்மைதான், என்னை அனுப்பின பிதாவும் சாட்சி சொல்கிறார் என்று இயேசு சொல்கிறார். ஆனால் ஐந்தாம் அதிகாரத்தில் அவரே, என்னைப் பற்றி நானே சாட்சி சொன்னால் அது உண்மையாகாது, எனக்காகச் சாட்சி சொல்கிற வேறொருவர் இருக்கிறார் என்கிறார். எங்கள் கோர்ட்டு வக்கீல் ஒருத்தர் கையில் இது கிடைத்தால், அங்கே ஒன்று சொன்னாய் இங்கே ஒன்று சொல்கிறாய் என்று சாட்சியைக் கூண்டிலேயே கிழித்திருப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பா வந்து விடு விடு என்றார், அவரைப் போய்ப் படுக்கச் சொன்னேன்.

எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், வேதபண்டிதர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். முதலில் பார்க்க வேண்டியது பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை. ஐந்தாம் அதிகாரத்தில் அவர் என்ன குற்றத்துக்காக நிற்கிறார்? வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்த ஒருத்தனை ஓய்வுநாளில் எழுப்பி நடக்க வைத்துவிட்டார், அதுதான் குற்றம். நல்லது செய்ததற்குப் பதில் சொல்லும்படி பிடித்து வைத்திருக்கிறார்கள். நான் சொல்கிறேன், நம்பு என்று அவர் அங்கே ஒரு இடத்திலும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் வந்தவனைக் கேளுங்கள், நீங்கள் மார்தட்டுகிற வேதத்தைக் கேளுங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக நான் செய்த காரியங்களைப் பாருங்கள், பிதா என்னை அனுப்பினார் என்பதற்கு அவைதான் சாட்சி என்கிறார். படுக்கையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஒருத்தன் தெருவில் நடந்து போகிறான், அவன் கால்தான் பிதா சொன்ன சாட்சி. பிதா மேகத்திலிருந்து இறங்கி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவில்லை. எட்டாம் அதிகாரத்தில் என் பிதா சாட்சி என்று சொன்னபோது, உன் பிதா எங்கே என்று எதிரில் இருந்தவர்கள் உடனே கேட்டார்கள். அந்தப் பரிசேயருக்கு இருந்த அறிவுகூட நம் கமிட்டிக்கு இல்லை பார். அந்த அதிகாரம் முடிவதற்குள் அவர்மேல் எறியக் கல்லை எடுத்துவிட்டார்கள். அந்தச் சாட்சி அவருக்கு ஒன்றையும் மிச்சம் பிடித்துக் கொடுக்கவில்லை. நம் ஸ்தோத்திரம் அதே வசனத்தைச் சொன்னார், அவருக்கு டீயும் கேக்கும் கொடுத்தார்கள். காரியங்களைப் பார் என்றால் ஸ்தோத்திரத்தின் காரியம் எது? என் தங்கையின் கை. பிதா சாட்சி சொல்லிவிட்டார் என்றால் அதில்தான் சொல்லியிருக்கிறார், அதைக் கட்டுப்போட்டு மறைத்துவிட்டு அவர் பேரைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் என்ன நடந்தது என்று கேள். பரீட்சையில் பாஸான பையன், காணாமல் போன சாவி கிடைத்த அம்மாள் எல்லாரும் எழுந்து சொல்லி முடித்த பிறகு நம் ஆள் மைக்கைப் பிடித்தார். சத்துரு தன்மேல் பொய்க் குற்றச்சாட்டைக் கொண்டுவந்தானாம், ஆனால் பிதா தன் பக்கத்தில் நின்று சாட்சி கொடுத்தாராம், குரல் தழுதழுக்கச் சொன்னார். சபை கைதட்டியது. சித்தி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் தட்டும்போது தட்டியே பழகியவள், பாவி, இடது கையைத் தூக்கிவிட்டாள், தட்டுவதற்கு மற்ற கை இல்லை என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உள்ளே இருந்தால் மைக்கைப் பிடுங்கியிருப்பேன்.

அதற்கடுத்த வாரம் மறுபடி கமிட்டி. உன் பதில் வந்துவிட்டது என்று போதகர் போனை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் சாய்த்து வைத்தார். நீ எழுதக்கூட இல்லை, பேசி அனுப்பியிருந்தாய். உன் குரலை அத்தனை பேர் நடுவில் கேட்கிறோமே என்று ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "பாஸ்டர், அது ரொம்ப நாள் ஆச்சு, எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. மனுஷன் சொல்ற சாட்சியவிட தேவனோட சாட்சிதான் பெருசு. அவரே உண்மைய வெளிப்படுத்துவார். எல்லாருக்காகவும் ஜெபிக்கிறேன்." இதுதான் நீ சொன்னது. கமிட்டியில் இரண்டு மூன்று பேர் ஆமென் சொன்னார்கள். ஸ்தோத்திரம் கைக்குட்டையை எடுத்தார். எவ்வளவு பக்குவமான பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள் என்று பல் டாக்டர் என்னிடமே சொன்னார். என் ஆயுசில் ஒருத்தர் பாராட்டி நான் இவ்வளவு அசிங்கப்பட்டதில்லை. ஞாபகம் இல்லையா உனக்கு? ஒன்பதாம் வகுப்பில் எந்த வாத்தியார் எந்தக் கையால் அடித்தார் என்று இன்றுவரை சொல்கிறவன் நீ. உனக்கு இப்போது இருக்கிற வெளிநாட்டு வேலையை வாங்கிக் கொடுத்தது ஸ்தோத்திரத்தின் மச்சான், அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோர்ட்டில் எத்தனையோ பொய்ச் சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு பொய் சொன்னவன்கூடக் குனிந்த தலையோடுதான் சொன்னான். வசனத்தை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு போனவனை உன்னைத் தவிர நான் பார்த்ததில்லை. ஸ்தோத்திரமாவது கடவுளைத் தன் பக்கம் சாட்சிக்கு இழுத்தார். நீ உன் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு ஜெபிக்கிறேன் என்றாய். இரண்டில் எது கேவலம் என்று நீயே சொல்.

மாதக் கடைசி ஞாயிறு சித்தி எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். சரி, போடாதே, நீக்கினால் நீக்கட்டும், உலகத்தில் வேறு சபையே இல்லையா என்று நான் அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். நேற்று அவள் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றாள். நான் கத்தினேன். உன்னைப் போல மானம் கெட்டவளை நான் பார்த்ததில்லை, கை போனதோடு வாயும் போய்விட்டதா, கழற்றியது யார் என்று கேட்டபோதே ஏன் ஊமையாக உட்கார்ந்திருந்தாய் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள். "அந்தாளு எடுக்கத்தான் சொன்னாருக்கா. கழட்டினது நம்ம பையன். நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். நான் வாயத் தொறந்தா முதல்ல அவன் பேருதான் வரும். அங்க போயி இப்பதான் ஒரு நெலைக்கு வந்திருக்கான், போகட்டும் விடு." நீ அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது பாதிதான் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். அந்தக் கம்பி எங்கே என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க பாத்ரூம்ல துண்டு போடுறீங்களே, அதுதான்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். நீ பழைய சாமான் கடையில் சும்மா கிடைத்தது என்று சொல்லிக் கொண்டுவந்து சுவரில் அடித்துக் கொடுத்தாயே, அதே கம்பி. இத்தனை வருஷமும் முகத்தைக் கழுவிவிட்டு அதிலிருந்துதான் துண்டை எடுத்திருக்கிறேன். ஒரு முனையில் சலவைக்கூடத்து மிஷினின் பச்சைப் பெயின்ட் இன்னும் இருக்கிறது. சித்தி எத்தனை தடவை நம் வீட்டுக்கு வந்து அதே பாத்ரூமில் கை கழுவியிருக்கிறாள், ஒரு தடவைகூட ஒன்றும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகும் சொல்லவில்லை. நீ கழற்றியதற்கு உன்னை நான் திட்டவில்லை, அப்போது உனக்கு வயதும் இல்லை, அந்த மனிதர் சொன்னால் தட்டிக் கேட்க அங்கே யாருக்குமே வாய் கிடையாது. நான் காறித் துப்புகிறது இப்போது நீ அனுப்பிய அந்தக் குரலின்மேல். உனக்குத் தெரியும், யார் சொல்லி யார் கழற்றியது என்று. தெரிந்துகொண்டே தேவன் வெளிப்படுத்துவார் என்று சொல்லியிருக்கிறாய். உன்னை வளர்த்தவள் ஒருத்தி உன்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று தன்மேல் தானே பொய்ச் சாட்சி எழுதப் போகிறாள். நீ பிறந்தபோது நான் ஜுரத்தில் கிடந்தேன், உன்னை முதலில் குளிப்பாட்டியது அந்தக் கைதான்.

ஐந்தாம் அதிகாரத்தில் எனக்குப் பிடிபடாமல் இருந்த ஒரு வரி நேற்று ராத்திரி பிடிபட்டது. தன்னைப் பற்றித் தானே சொல்கிற சாட்சி செல்லாது, வேறொருவர் இருக்கிறார் என்கிறாரே, அது அவருக்குப் பிதா. எல்லாருக்கும் அப்படி ஒரு வேறொருவர் வேண்டியிருக்கிறது, தான் சொன்னால் எடுபடாத இடத்தில் தனக்காகச் சொல்ல. சித்திக்கு அந்த வேறொருவர் பிதா இல்லை. அவர் தன் சாட்சியைச் சொல்லி முடித்துவிட்டார், அதைத் தினமும் டிரெஸ்ஸிங் பண்ணிக்கொண்டிருக்கிறோம். மிச்சம் இருப்பது நீ. பார்த்தது நீ, கேட்டது நீ, ஸ்பேனரைப் பிடித்தது நீ. இயேசு சாட்சி சொன்னதற்கு உயிரைக் கொடுத்தார். உன்னிடம் கேட்பது ஒரு போன், அதிகம் போனால் ஒரு வேலை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அம்மா சொல்லவில்லை என்று பிறகு பேசாதே. கம்பியைச் சுவரிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அப்பா தன் ஆயுசில் முதல்தடவையாக விடு என்று சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து கொடுத்தார், சுவரில் இருந்த ஓட்டையைக்கூட அவர்தான் அடைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பேசவில்லை என்றால் நான் அதைக் கொண்டுபோய்க் கமிட்டி மேஜையில் வைத்து, எங்கிருந்து வந்தது என்று சொல்வேன். இந்தத் தடவை கேள்விப்பட்டதைச் சொல்ல மாட்டேன், என் சுவரில் இருந்ததைச் சொல்வேன். நீயாக முன்னால் வந்து சொன்னால் நீ சாட்சி. நான் கம்பியோடு போன பிறகு சொன்னால் நீ வெறும் பிடிபட்டவன். சித்தி என்னைத் தடுப்பாள், அழுவாள். நான் கேட்கப் போவதில்லை. அவள் உனக்காக எழுதுகிற பொய்யைத் தடுப்பதைவிட நீ எனக்கு முக்கியமில்லை என்று எழுத வந்தேன், அது உண்மையில்லை. நீ முக்கியம் என்பதால்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன், இல்லாவிட்டால் கம்பியைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே போயிருப்பேன்.

மருமகளுக்கு என் அன்பு, பேத்திக்கு முத்தம், ஜன்னலைச் சாத்தச் சொல். உனக்கு ஆசீர்வாதம் எழுதித்தான் முடிக்க வேண்டும், எழுதுகிறேன்: கர்த்தர் உனக்கு நல்ல உடம்பைக் கொடுக்கட்டும், நல்ல சம்பளத்தைக் கொடுக்கட்டும், கூடவே கொஞ்சம் வெட்கத்தையும் கொடுக்கட்டும், மற்ற இரண்டும் அதன் பிறகு தங்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து கமிட்டி உட்காரும்போது போதகரின் போன் மேஜைமேலேயே இருக்கும். சித்திக்குப் பேப்பரும் பேனாவும் கொடுப்பார்கள். அவள் இடது கையால்தான் எழுத வேண்டும், ஒவ்வொரு எழுத்தாகத்தான் எழுதுவாள், ரொம்ப நேரம் பிடிக்கும். அவள் எழுதி முடிப்பதற்குள் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக இன்னும் காத்திருக்கிற
அம்மா